கடைசித் துண்டை யார் எடுப்பது

ஓர்பெக் ஊர் சர்ச்சின் கீழ்த்தளத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடிக்கும் நேரத்தில், தட்டில் ஒரே ஒரு துண்டு கேக் மிஞ்சிவிட்டால் அதற்கு அன்றைக்குச் சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதை யாரும் எடுக்கமாட்டார்கள். வேண்டாம் என்பதால் அல்ல. எல்லோருக்கும் வேண்டும், அதனால்தான். மினசோட்டாவின் வடகோடியில், வருஷத்தில் பாதியைப் பனிக்குக் கொடுத்துவிட்ட அந்த ஊரில், கடைசித் துண்டை முழுசாக எடுத்து வாயில் போடுகிறவனைப் பற்றி அவன் பேரப்பிள்ளைகள் காலம்வரை பேசுவார்கள். ஆகவே ஒருவர் கத்தியை எடுத்துப் பாதியை வெட்டிக்கொள்வார். அடுத்து வருகிறவர் மிச்சத்தில் பாதி. அதற்கடுத்தவர் அதிலும் பாதி. கடைசியில் ஒரு விரல்நகம் அளவுக்கு ஏதோ தட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதையும் பாதியாக்க வழியுண்டா என்று நாலு பெரிய மனிதர்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, பாத்திரம் கழுவுகிற அம்மாள் வந்து தட்டோடு தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

இந்த வித்தையில் ஆர்லன் ட்வெட்டனை மிஞ்ச ஆள் கிடையாது. மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். பெரிய உடம்பு, பெரிய கை. அந்தக் கையால் அவர் ஒரு துணுக்குக் கேக்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு சரிபாதியாக நறுக்குவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்து, பாதிக் கட்டில், பாதி அலமாரி, அண்ணனோடு பங்கு போட்ட சைக்கிள் என்று வளர்ந்தவர். தனக்கு என்று முழுசாக எதையும் கேட்டதில்லை. கொடுத்தாலும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நெளிவார்.

ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. யாராவது ஏதாவது வேண்டுமா என்று கேட்டால் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லவேண்டும். மூன்றாவது தடவையும் கேட்டால், "சரி, இவ்வளவு சொல்றீங்க" என்று வாங்கிக்கொள்ளலாம். காபியிலிருந்து கல்யாணம்வரை இதே சட்டம்தான். நடனத்துக்கு வருகிறாயா என்று ரோண்டா மூன்றாவது தடவையாகக் கேட்டதால்தான் ஆர்லனுக்குக் குடும்பம் என்று ஒன்று அமைந்தது. ரோண்டா அதே ஊர்க்காரர், விவரம் தெரிந்தவர்.

ஆனால் பிடிக்காத பொருளுக்குச் சட்டம் வேறு. அதை முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டுவிடவேண்டும். மறுத்தால் கொடுக்கிறவருக்குச் சந்தேகம் வந்து மனசு புண்படும் அல்லவா? டுவேன் என்று ஒருவர், ஆர்லனோடு வேலை பார்ப்பவர். அவர் மனைவி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மீன் ஊறுகாய் போடுவார். அந்த ஜாடியைத் திறந்தால் பூனைகூட எழுந்து வேறு அறைக்குப் போய்விடும். அவர் ஜாடியை நீட்டியதுமே ஊரில் அத்தனை பேரும் "அடடா, குடுங்க குடுங்க" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். தன் கைப்பக்குவத்துக்கு ஊரே அடிமை என்று அந்த அம்மாள் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சட்டங்கள் தெரியாத ஒருவர் சிகாகோவிலிருந்து சாலைத் துறைக்கு அதிகாரியாக வந்ததுதான் ஆர்லன் வாழ்க்கையில் நடந்த பெரிய விபத்து. வந்த வருஷமே அவர் ஆர்லனைக் கூப்பிட்டு, "மேற்பார்வையாளர் வேலைய எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"அய்யோ, எனக்கெதுக்கு சார்? என்னைவிட நல்ல ஆளுங்க எவ்வளவோ பேர் இருக்காங்க" என்றார் ஆர்லன்.

அதிகாரி "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆர்லன் அந்த வாரம் முழுக்க, இரண்டாவது தடவை கேட்பதற்குத் தோதாக, காபி நேரத்தில் எல்லாம் அலுவலக வாசலை ஒட்டியே நின்றுகொண்டிருந்தார். அந்த வாரக் கடைசியில் வேலை டுவேனுக்குப் போனது. டுவேன் ராணுவத்தில் சில வருஷம் டெக்சஸில் இருந்தவர், கேட்ட மாத்திரத்தில் "எப்ப வரணும்?" என்றிருக்கிறார். ஆர்லன் அவருக்குக் கை கொடுத்தார், கேக்கும் வாங்கிக் கொடுத்தார். அதன் கடைசித் துண்டில் தனக்கென்று பாதியை மட்டும் வெட்டிக்கொண்டார்.

ஆர்லன் தம்பதிக்கு ஒரே பெண், பிரிட்டா. பிரசவ வார்டில் குழந்தையைக் கையில் கொடுத்தபோது ஆர்லன் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மோசமில்ல" என்றார். ரோண்டா குலுங்கிக் குலுங்கி அழுதார். வெளியூர் நர்ஸ் ஒருத்தி ஆர்லனை முறைத்தாள். ஓர்பெக் பாஷையில் "மோசமில்ல" என்பதற்கு மேலே புகழ்ச்சியே கிடையாது என்று பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்? திட்டவேண்டுமானால் "அது வேற மாதிரி இருக்கு" என்பார்கள். அதைக் கேட்டால்தான் பயப்படவேண்டும்.

பிரிட்டா படிப்பில் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை என்று சொல்வார்கள், அவளோ தனக்கு முன்னால் நாலு பேர் இருப்பதுபோல் ஒதுங்கி நிற்பாள். அப்பனைப் போலவே. தண்ணீர் என்றால் உயிர். சின்ன வயசு முதலே ஏரியிலிருந்து எதையாவது ஜாடியில் அள்ளிவந்து ஜன்னலில் வைத்து என்ன நெளிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கல்லூரியிலும் அதைத்தான் படிக்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

பிப்ரவரியில் தெற்கே, அலபாமாவில் கடலோரம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம், உதவித்தொகைக்குப் பொறுக்கியெடுத்த பிள்ளைகளை நேரில் பார்க்க அழைத்தது. விமான டிக்கெட் அவர்களே அனுப்பினார்கள். பிரிட்டா தனியாகப் போய், மூன்று நாள் கழித்து மூக்குத் தோல் உரிந்துபோய் வந்தாள். ஓர்பெக்கில் ஏரி இறுகிக் கிடக்கும் மாதத்தில் வெயிலில் கருகிய மூக்கோடு ஒருத்தி தெருவில் நடந்தால் சும்மா விடுவார்களா? எல்லோரும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள்.

"எப்படி இருந்துச்சு?" என்று ஆர்லனும் கேட்டார்.

"பரவால்லப்பா" என்றாள்.

ஓர்பெக்கில் "பரவால்ல" என்பதற்கு, சகிக்கவில்லை என்பதிலிருந்து உயிரையே கொடுப்பேன் என்பதுவரை எந்தப் பொருளும் இருக்கலாம். ஆர்லன் தனக்குத் தோதான பொருளை எடுத்துக்கொண்டார்.

அவள் விண்ணப்பித்திருந்த இரண்டு இடங்களிலிருந்தும் மார்ச்சில் ஒரே வாரத்தில் பதில் வந்தது. மினியாபொலிஸில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகம் அவளைத் தன் ஹானர்ஸ் கல்லூரியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பொறுக்கித் தனியாக வைத்து, சின்னச் சின்ன வகுப்பாக நடத்துகிற இடம். கட்டணத்தில் பாதியைக் கல்லூரியே தள்ளுபடி செய்துவிடும். அலபாமாக்காரர்களோ படிப்பு, அறை, சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து முழு உதவித்தொகை என்றார்கள். நாலு வருஷத்துக்கும்.

ரோண்டா மருந்துக்கடை வேலையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டையும் சத்தமாகப் படித்தார்.

"பாதியா? மோசமில்லையே" என்றார் ஆர்லன், முகமெல்லாம் மலர்ந்து. அடுத்ததைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. "முழுசுமா? எதுக்கு? நம்மள யாருன்னே தெரியாதே அவங்களுக்கு."

"பொண்ணு நல்லாப் படிக்கிறா, அதுக்குக் குடுக்கறாங்க" என்றார் ரோண்டா.

"முழுசும் குடுக்கறாங்கன்னா... அது வேற மாதிரி இருக்கு."

பிரிட்டா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து பாலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அப்பாவும் மகளும் மினியாபொலிஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆர்லனுக்கு அந்த இடம் ஒரேயடியாகப் பிடித்துவிட்டது. செங்கல் கட்டடம், ஆற்றைப் பார்த்த ஜன்னல்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிய ஆசிரியர். நல்ல இடம்தான், யாரும் குறை சொல்லமுடியாது. அதைவிட ஆர்லனுக்குப் பிடித்தது, வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினால் பிள்ளை ராச்சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

ஓர்பெக் போன்ற ஊரில் செய்தி நடந்து போகாது, ஓடும். ஒருநாள் காலை, வண்டி நிறுத்தும் கொட்டகையில் டுவேன் வாய் நிறையச் சிரிப்போடு வந்தார்.

"என்னய்யா ஆர்லன், உம் பொண்ணுக்கு எல்லாமே ஓசியாமே! படிப்பு ஓசி, சோறு ஓசி, வெயில்கூட ஓசி!"

"ம்" என்றார் ஆர்லன்.

"விடாதய்யா. நம்மள மாதிரி ஆளுங்க கதையெல்லாம் ஓசியிலதான் ஓடும்."

டுவேன் கேலியாகத்தான் சொன்னார், மனசில் ஒன்றுமில்லை. ஆனால் ஆர்லனுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று முழுக்க வண்டியில் அதே நினைப்பு. தகப்பன் பனி தள்ளுகிறவன் என்பதால் பிள்ளை ஓசி தேடிக் கண்காணாத இடத்துக்குப் போகிறாள். ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள், நமக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு போகப்போகிறாள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். அவளைக் கேட்கவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டில், கொத்துக்கறியின் மேல் உருளைக்கிழங்கை அடுக்கிச் சுட்டதை மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆர்லன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"பிரிட்டா, ஒண்ணு சொல்றேன், கேளு. நீ காசைப் பாத்து முடிவெடுக்காதே. உங்கப்பன் வண்டி ஓட்டறவன்தான், இல்லேங்கல. அதுக்காக நீ ஓசிக்குக் கிடைக்குதேன்னு எங்கேயோ போய்க் கிடக்கணும்னு தலையெழுத்து இல்ல. மினியாபொலிஸ் போ. ஹானர்ஸ் காலேஜ்ல சேரு. பாதி அவங்க தராங்க, மீதிய நான் பாத்துக்கறேன். கோடைக்கு நீயும் ஏதாவது வேலை பாரு, கொஞ்சம் கடன் வாங்கலாம். உனக்குப் புடிச்சத நீ படி. அவ்வளவுதான்."

ஆர்லன் ட்வெட்டன் தன் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு அது. ரோண்டாவின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. பிரிட்டா தட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் முகம் வேர்த்து, கண் பளபளவென்று இருந்தது.

"சரிப்பா" என்றாள். "ரொம்ப தேங்க்ஸ்ப்பா."

ஆர்லனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மறுநாள் கொட்டகையில் டுவேனிடம், "மினியாபொலிஸ்தான். ஹானர்ஸ் காலேஜ்" என்று கேட்காமலே சொன்னார். மருந்துக்கடையில் சொன்னார். தபால்காரரிடம் சொன்னார். எதையும் வெளியே சொல்லாத மனிதர் இப்படி வலியப் போய்ப் பேசியதில் பாதி ஊருக்கு அவர் உடம்புக்கு ஏதோ என்று கவலையாகிவிட்டது.

மே முதல் தேதிக்குள் எந்தக் கல்லூரி என்று உறுதி சொல்லி முன்பணம் கட்டவேண்டும். பிரிட்டா "கட்டறேன், கட்டறேன்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் கடைசியில், இனிமேல் இல்லை என்று எல்லோரும் குளிர்கோட்டை மடித்து உள்ளே வைத்த பிறகு, வழக்கம்போல் ஒரு பனி கொட்டியது. ஆர்லன் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் பாதி தூரம் தள்ளியிருப்பார். அப்போதுதான், எங்கிருந்தென்று தெரியாமல், டுவேன் மனைவியின் மீன் ஊறுகாய் அவர் நினைவுக்கு வந்தது. "குடுங்க குடுங்க" என்று ரோண்டா இரண்டு கையால் வாங்கிக்கொள்வது கண்முன் நின்றது.

பிரிட்டா முதல் தடவையிலேயே சரி என்றுவிட்டாள்.

ஆர்லன் பிரேக்கை மிதித்தார். வேண்டும் என்று இருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? "அய்யோ வேணாம்ப்பா, உனக்கு எதுக்கு சிரமம்" என்று இரண்டு தடவையாவது மறுத்திருப்பாள். அவர் வளர்த்த பிள்ளை அல்லவா! ஒருதடவைகூட மறுக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்றால், அவர் நீட்டியது மீன் ஊறுகாய்.

எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது கொட்டகையில் இருக்கும் திரையில் தெரியும். வண்டியின் ரேடியோ கரகரத்தது. "ஆர்லன், ஏன்யா நடு ரோட்டுல நிக்கிற? வண்டி படுத்துருச்சா?" என்றது டுவேனின் குரல்.

"இல்ல."

"பின்ன?"

"மீன் ஊறுகா."

"என்னது?"

"ஒண்ணுமில்ல" என்று ஆர்லன் வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் ரோண்டாவிடம் சொன்னார். "அவ முதல் தடவையே சரின்னுட்டா."

"நானும் கவனிச்சேன்" என்றார் ரோண்டா.

"கவனிச்சியா? சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்றது? நீ அப்படி வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல. பொசுக்குனு எப்படி அதக் கெடுக்கறது? அவளும் அதான் நெனச்சிருப்பா."

"அப்ப அவளுக்கு என்னதான் வேணும்?"

"எங்கிட்டயும் பரவால்லன்னுதான் சொன்னா."

ஆர்லன் மகளைக் கேட்கத்தான் பார்த்தார். ஒருதடவை காரில் வாயைத் திறந்து, டயரில் காற்று குறைந்திருப்பதாகச் சொல்லி முடித்தார். இன்னொரு தடவை மாடிப்படி வரை ஏறிப்போய், அங்கே இருந்த பல்பை மாற்றிவிட்டு இறங்கினார். கேட்க என்ன பயம்? பதில் என்ன வரும் என்று அவருக்கு இப்போது தெரியும், அதுதான் பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ரோண்டா எலுமிச்சை கேக் சுட்டு எடுத்துப்போயிருந்தார். கீழ்த்தளத்தில் எல்லோரும் பிரிட்டாவின் கையைக் குலுக்கினார்கள். மினியாபொலிஸ் மோசமில்லை, மோசமில்லை என்று நாலு பக்கமும் ஒரே பாராட்டு. அவள் எல்லோருக்கும் சிரித்தாள். கேக் வேகமாகத் தீர்ந்தது. வழக்கம்போல் ஒரு துண்டு மிஞ்சியது. மேசையைச் சுற்றி நின்றவர்கள் அதைப் பார்க்காததுபோல் பார்த்தார்கள்.

பிரிட்டா கத்தியை எடுத்தாள். பாதியில் வைத்து அழுத்தப்போனாள்.

"குட்டி" என்றார் ஆர்லன். "அது முழுசும் உனக்கு வேணுமா?"

பேச்சு சத்தம் சட்டென்று நின்றது. அந்தக் கீழ்த்தளத்தில் அப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. டுவேன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"வேணாம்ப்பா. பாதி போதும்."

"முழுசும் வேணுமான்னு கேட்டேன்."

"இல்லப்பா, வேற யாராவது..." அவள் காது சிவந்துவிட்டது.

மூன்றாவது தடவை கேட்பது ஆர்லனுக்கு அவ்வளவு லேசாக இல்லை. கேட்காமல் விட்டால் பெண் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவாள். அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அந்தக் கடலோர ஊரு" என்றார். "அது முழுசும் உனக்கு வேணுமா?"

பிரிட்டா கத்தியைக் கீழே வைத்தாள்.

"வேணும்ப்பா."

"காசு மிச்சமாகும்னா?"

"இல்லப்பா. அங்கயும் பாதிதான் தரேன்னு சொல்லியிருந்தாலும் எனக்கு அதுதான் வேணும்."

"பின்ன ஏன் அன்னிக்கே சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அதுக்கு முன்னாடியே நீ வேற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டே. அப்புறம் அவ்வளவு பெரிசாப் பேசினே. உன் மூஞ்சியப் பாத்து எனக்கு வாய் வரல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று சிரித்தாள். "அப்பா, அங்க சாப்பாட்டுக் கூடத்துல ஒரு அம்மா இருந்தாங்க. பீச் பழத்துல சூடா ஒரு இனிப்பு பண்ணியிருந்தாங்க. 'இன்னும் கொஞ்சம் வைக்கட்டாடி கண்ணு'ன்னு கேட்டாங்க. நான் 'வேணாங்க'ன்னேன். 'சரிம்மா'ன்னு தட்டத் தூக்கிட்டு அடுத்த மேசைக்குப் போயிட்டாங்க!"

"அடப்பாவமே" என்று யாரோ பதறினார்கள்.

"ரெண்டாவது தடவ கேக்கவே இல்லையா?" என்றார் பாத்திரம் கழுவும் அம்மாள், நம்பமுடியாமல்.

"கேக்கல! நான் அந்தத் தட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். மறுநாள் அவங்க வந்து கேட்டதும் 'வேணும்'னு கத்திட்டேன். சிரிச்சுகிட்டே முழுத் துண்டையும் வெச்சாங்க. யாரும் என்னை ஒரு மாதிரியாப் பாக்கல. அப்புறம் கடலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. படகை ஓட்டறியான்னாங்க, ஓட்டறேன்னேன். ராத்திரி வலை இழுக்க வரியான்னாங்க, வரேன்னேன். இங்க இருந்தா ரெண்டுக்கும் வேணாம்னு சொல்லிட்டு, திரும்பக் கேப்பாங்களான்னு கரையிலேயே நின்னுட்டு இருந்திருப்பேன்."

ஆர்லனுக்கு அலுவலக வாசலில், கையில் காபி ஆறிப்போக, ஒரு வாரம் நின்ற ஞாபகம் வந்தது. அவர் டுவேனைப் பார்க்கவில்லை. டுவேனும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெஞ்சு வலித்தது, மறைக்க என்ன இருக்கிறது? பெண் தூரதேசம் போகிறாள். ஆனால் அந்த வலிக்கு நடுவிலேயே ஒரு நிம்மதி: இவள் நம்மைப் போல வாசலில் நிற்கமாட்டாள். ஆர்லன் தன் பெரிய கையை நீட்டி, கத்தியை ஒதுக்கிவைத்துவிட்டு, கேக் துண்டை முழுசாக எடுத்து மகளின் தட்டில் வைத்தார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது வேற மாதிரி இருக்கேய்யா" என்றார் டுவேன் மெதுவாக.

"மோசமில்ல" என்றார் ஆர்லன்.

பிரிட்டா சாப்பிட்டாள். அவசரமில்லாமல், ஒரு துளி மிச்சம் வைக்காமல், விரலில் ஒட்டியதையும் நக்கிவிட்டுச் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவும் அம்மாள் வெறும் தட்டை வாங்கிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேச்சு மறுபடியும் கிளம்பியது. அலபாமாவில் முதலை உண்டா என்று இரண்டு பேர் வாதாட ஆரம்பித்தார்கள்.

பிரிட்டா அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, ஆகஸ்ட்ல என்னைக் கொண்டுபோய் விட நீ வரியா? ரெண்டு நாள் கார்ல போகணும். வந்து அந்தக் கடலையும் பாத்துட்டுப் போலாம். ஒரு தடவைதான் கேப்பேன்."

எனக்கெதுக்கு குட்டி, அம்மா வரட்டும், கொட்டகையில வேலை கிடக்கு என்பதெல்லாம் வரிசையாக ஆர்லனின் தொண்டைவரை வந்துவிட்டது. பழகிய வாய் அல்லவா.

"வரேன்" என்றார் ஆர்லன். சொன்ன வேகத்தில் கோப்பை தளும்பி, காபி சட்டையில் கொட்டியது.

துடைக்கத் துணியோடு வந்த ரோண்டா புருஷனை ஏற இறங்கப் பார்த்தார். டுவேனின் மனைவி காதில் விழாதபடி கிட்டே வந்து கேட்டார்.

"முதல் தடவையே சரின்னுட்டே? நெஜமாவே வேணுமா, இல்ல மீன் ஊறுகாயா?"

"வேணும்" என்றார் ஆர்லன். "நெஜமாவே வேணும், ரோண்டா."